குதிரைப் பந்தயத் திடலுக்கு வந்த தையல்காரி

கோலாலம்பூரில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. 1896-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் பந்தயக் கிளப், சுங்கை பீசிக்கு இடம் மாறும்வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தப் பந்தயம் இரண்டு வகையில்தான் தெரியும். ஒன்று, பத்திரிகையில் வரும் குதிரை எண்கள். மற்றொன்று, பந்தய நாளில் துரையும் துரைசானியும் காரேறிப் போகும் காட்சி.

என் பாட்டி லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். துரைசானியின் தொப்பியையும் கையுறையையும் பற்றி அவர் சொன்ன கதைகள் எங்களுக்கு மனப்பாடம். தொப்பி இடித்துவிடாமல் இருக்கத் துரைசானி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காரில் ஏறுவாராம். கார் போன பிறகு செம்மண் புழுதி அடங்கும்வரை பாட்டி பால்வாளியை முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பாராம்.

அம்மாவுக்குத் துரைசானியின் தொப்பியில் அக்கறை இருந்ததில்லை. அவர் தையல்காரி. விடியற்காலையில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து சிங்கர் மிஷினை மிதிப்பார். தீபாவளி மாதம் என்றால் இரவு பத்து மணிக்கும் அந்தச் சத்தம் ஓயாது. தைத்த ரவிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் யாரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தமாட்டார். கையைத் தூக்கச் சொல்வார். மரம் சீவுவதுபோல உயர்த்தி இறக்கிக் காட்ட வேண்டும். ரவிக்கை இடுப்பிலிருந்து மேலே ஏறினால் அக்குள் வெட்டு சரியில்லை என்று கையைப் பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, பாரிசில் உலகப் புகழ்பெற்ற ஒரு தையல்காரி இதே சோதனையைத்தான் செய்தார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. அவரும் ஏழை வீட்டில் பிறந்தவர். குதிரைப் பந்தயத்துக்குப் போகும் சீமாட்டிகளின் உடையைத் தலைகீழாக மாற்றியவர். அவர் கதையை நம் தோட்டத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பாராட்டத்தக்க பாதி மட்டும் போதாது.

கோகோ ஷனெல் என்று உலகம் அறிந்த அவருடைய இயற்பெயர் கேப்ரியல். கோலாலம்பூர் பேரங்காடிகளில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து நம்மவர்கள் சேனல் என்று படிப்பதுண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஷனெல் என்பார்கள். 1883 ஆகஸ்டு 19-ஆம் தேதி, பிரான்சின் சோமூர் நகரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஏழைகள் மருத்துவமனையில் அவர் பிறந்தார். தாய் துணி வெளுப்பவர். தந்தை, வேலைக்காரர்களின் உடுப்புகளையும் உள்ளாடைகளையும் வண்டியில் ஏற்றிச் சந்தை சந்தையாகப் போய் விற்பவர். மகள் பிறந்தபோது அவர்களுக்கு முறைப்படி திருமணம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறப்பைப் பதிவு செய்தவர் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாக எழுதிவிட்டார். நமக்கு இது புதிய செய்தி அல்ல. தோட்டத்தில் பெயர் எழுதியவரின் கைக்கு வந்தபடியெல்லாம் பிறப்புப் பத்திரத்தில் பெயர் மாறிப்போய், அடையாள அட்டைக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் பொருந்தாமல் பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கூடுதல் எழுத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1895-இல் தாய் இறந்தார். கேப்ரியலுக்கு அப்போது 11 வயது. தந்தை மகன்களைப் பண்ணை வேலைக்கு விட்டார். மகள்களை ஒபாசின் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவேயில்லை. அங்கேதான் கேப்ரியல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிப்பது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது, சீருடை தைப்பது. அழகுக்கான தையல் அல்ல, பிழைப்புக்கான தையல்.

18 வயதானதும் மூலேன் என்ற ஊருக்கு வந்தார். அது குதிரைப்படை முகாம் இருந்த ஊர். பகலில் தையல் வேலை. மாலையில் படை அதிகாரிகள் கூடும் விடுதியில் பாட்டு. குரல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கோகோ என்ற செல்லப்பெயர் அந்த மேடையில்தான் ஒட்டிக்கொண்டது.

அங்கே பழக்கமானவர் எத்தியென் பல்சான் என்ற அதிகாரி. துணி ஆலைக் குடும்பத்தில் பிறந்த பணக்காரர், பந்தயக் குதிரை வளர்ப்பதில் பைத்தியம் கொண்டவர். கொம்பியேன் நகருக்கு அருகில் இருந்த தம்முடைய மாளிகைக்கு அவர் கேப்ரியலை அழைத்துப் போனார். மனைவியாக அல்ல. அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் என்பதை வேலைக்காரர்கள்கூட அறிந்திருந்தார்கள். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பணமில்லாத, படிப்பில்லாத, கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்துப் பிரான்சில் திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு.

அந்த மாளிகையில் காலை முதல் மாலைவரை குதிரைதான். கேப்ரியலும் குதிரையேற்றம் கற்றார். அன்றைய சீமாட்டிகள் நீண்ட பாவாடை உடுத்தி, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுச் சவாரி செய்வார்கள். அதற்கான உடையை ஆண்களுக்குத் தைக்கும் தையற்காரர்களே தைத்துக் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கோட்டு வெட்டித் தைக்கும் வழக்கமே பெரும்பாலும் இந்தச் சவாரி உடையிலிருந்து வளர்ந்ததுதான். இங்கிலாந்தில் ரெட்ஃபெர்ன் என்ற தையல் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டும் பாவாடையுமாகப் பெண்களுக்கு ஒரு முழு உடுப்பைப் பிரபலமாக்கியது. ஆனாலும் உள்ளே இறுக்கிக் கட்டும் கார்செட் அப்படியே இருந்தது.

கேப்ரியல் வேறு வழியில் போனார். குதிரைக்காரன் அணியும் கால்சட்டை ஒன்றை இரவல் வாங்கி, பக்கத்து ஊர்த் தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அதே அளவில் தமக்கு ஒன்று வெட்டித் தரச் சொன்னார். லாயக்காரர்களுக்குத் தைத்துப் பழகிய அந்தத் தையற்காரர் திகைத்துப் போனாராம். அந்தக் கால்சட்டையோடு ஆண்களைப்போல இரு பக்கமும் காலைப் போட்டு அவர் சவாரி செய்தார். வேலை செய்பவனின் உடையை எடுத்துச் சீமாட்டியின் அளவுக்கு வெட்டுவது. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அதுவே முதல் பாடம்.

பல்சானின் நண்பர்களோடு அவர் பந்தயங்களுக்குப் போகத் தொடங்கினார். பாரிசின் லோங்ஷாம் பந்தயத் திடல் 1857-இல் திறக்கப்பட்டது. அங்கே குதிரையைப் பார்க்க வந்தவர்களைவிட உடையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. பெரிய தையலகங்கள் தங்கள் புதிய உடுப்புகளை அழகிய பெண்களுக்கு உடுத்திப் பந்தய நாளில் திடலுக்கு அனுப்பிவைக்கும். மறுநாள் பத்திரிகையில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் உடுப்பின் படமும் வரும். இன்றைய சினிமா விருது விழாக்களில் சிவப்புக் கம்பளத்தில் நடப்பது அன்று புல்தரையில் நடந்தது.

அந்தப் பெண்கள் உடுத்தியிருந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எலும்புக் குச்சிகள் வைத்து முதுகில் கயிறு போட்டு இறுக்கிய கார்செட். அதன்மேல் தரையைக் கூட்டும் பாவாடை. தலையில் தாம்பாளம்போல ஒரு தொப்பி. அதில் இறகு, பூ, பழம், சில வேளை பாடம் செய்த பறவை. காற்று வீசினால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்காருவதற்கே துணை வேண்டும். எங்கள் பாட்டி பார்த்த துரைசானி அந்தக் கூட்டத்தின் கடைசி வாரிசு.

அவர்கள் நடுவே கேப்ரியல் ஒரு சாதாரண வைக்கோல் தொப்பியோடு வந்து நின்றார். பள்ளிச் சிறுமிகள் போடுவதுபோன்ற தட்டையான தொப்பி. உடையும் கழுத்துவரை மூடிய, அலங்காரம் இல்லாத உடை. அந்த அலங்காரத்துக்கெல்லாம் கொடுக்க அவரிடம் பணம் இல்லை என்பதும் உண்மை. கொடுத்துக் கட்டிக்கொண்டால் கூட்டத்தில் இன்னொரு வைப்பாட்டியாகத்தான் தெரிவோம் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார் என்பதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீமாட்டிகளே அவரிடம் வந்து அதேபோல் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பாரிசின் பேரங்காடியில் மலிவான வெறுந்தொப்பிகளை வாங்கிவந்து, அவற்றில் ஒரு நாடாவோ ஒற்றை இறகோ வைத்து விற்பதுதான் அவருடைய முதல் வியாபாரம். பல்சானின் பாரிஸ் வீட்டிலேயே அது தொடங்கியது. பிறகு ஆர்தர் கேப்பல் என்ற ஆங்கிலேயர் முதல் கொடுத்தார். நிலக்கரி வியாபாரி, போலோ விளையாட்டுக்காரர், கேப்ரியல் உண்மையாகவே நேசித்த மனிதர். 1910-இல் பாரிசின் கம்போன் தெரு 21-ஆம் எண்ணில் தொப்பிக் கடை திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே உடை தைக்கும் பெண் ஒருவர் இருந்ததால், தொப்பி மட்டும் விற்கத்தான் உரிமம் கிடைத்தது.

அதே 1910-இல்தான் ரப்பர் விலை உலகச் சந்தையில் உச்சிக்குப் போனது. நெகிரி செம்பிலானில் காடுகளை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். நம் முன்னோர்கள் கங்காணிகளோடு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். அங்கே தொப்பிக்குக் காசு கொடுத்த கைகளில் சில, இங்கே சீவிய பாலில் சம்பாதித்தவையாகவும் இருந்திருக்கும். இதை ஒரு கணக்காகச் சொல்லவில்லை. காலம் ஒன்றாக ஓடியதைச் சொல்கிறேன்.

1913-இல் தோவில் என்ற கடலோர ஊரில் இரண்டாவது கடை. கோடைக்காலத்தில் பணக்காரர்கள் குதிரைப் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் கூடும் ஊர் அது. மறு ஆண்டு போர் வெடித்தது. பாரிசிலிருந்து தப்பி வந்த சீமாட்டிகள் அங்கே நிறைந்தார்கள். வேலைக்காரிகள் இல்லை, கார் ஓட்டுநர்கள் போருக்குப் போய்விட்டார்கள், சிலர் மருத்துவமனைகளில் தாதிகளாக வேலை செய்யவும் போனார்கள். தாங்களே உடுத்தி, தாங்களே நடந்து போகக்கூடிய உடை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அப்போது கேப்ரியல் கையில் எடுத்த துணி ஜெர்சி. நாம் பனியன் துணி என்போமே, கிட்டத்தட்ட அதுதான். ஆண்களின் உள்ளாடைக்கும் மீனவர்களின் சட்டைக்கும் பயன்பட்ட பின்னல் துணி. ரொடியே என்ற ஆலைக்காரரிடம் விற்காமல் கிடந்த சரக்கை அவர் வாங்கினார். தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனியன் துணி இழுத்தால் இழுபடும், வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், இறுக்கித் தைத்தால் அசிங்கமாகிவிடும். ஆகவே அதை இறுக்காமல் விட்டார். இடுப்பைப் பிடிக்காத மேற்சட்டை, கணுக்கால் தெரியும் பாவாடை, கைவிட்டு வைக்கப் பைகள். அந்த உடையோடு பெண்கள் பந்தயத்துக்குப் போனார்கள். கார்செட் இல்லாமல் போனார்கள்.

சந்தையில் தந்தை விற்ற சரக்கும் வேலைக்காரர் உடுப்பும் உள்ளாடையும்தானே! மகள் அதையே எடுத்துக் கோடீஸ்வரிகளுக்கு விற்றார். இதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

1915-இல் ஸ்பெயின் எல்லையருகே பியாரிட்சில் ஒரு தையலகம். அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 300 பேர் அவரிடம் வேலை செய்தார்கள். கேப்பல் கொடுத்த பணத்தைக் கடைசிக் காசுவரை திருப்பிக் கொடுத்தார். கேப்பல் 1918-இல் தம் அந்தஸ்துக்கு ஏற்ற ஒரு பிரபுவின் மகளை மணந்தார். 1919 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். அநாதை இல்லத்துப் பெண்ணை நேசிக்கலாம், முதல் போடலாம், மணக்க முடியாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஏட்டில் எழுதாத சட்டம்.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1921-இல் நம்பர் 5 வாசனைத் திரவியம். 1926-இல் உலகப் புகழ்பெற்ற சிறிய கறுப்பு உடை. அதுவரை கறுப்பு என்றால் இழவு வீட்டு நிறம் அல்லது வேலைக்காரியின் சீருடை நிறம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் தோழமையால் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போய்வந்தார். லிவர்பூல் அருகே ஐன்ட்ரீ திடலில், கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், அவர் பிரபுவோடு நிற்கும் படம் ஒன்று உண்டு. முரட்டுக் கம்பளியில் நேர் வெட்டாகத் தைத்த கோட்டு, தலையோடு ஒட்டிய சின்னத் தொப்பி. பக்கத்தில் நிற்பவர்களைவிட அவர்தான் பந்தயத்துக்குப் பொருத்தமாக உடுத்தியிருக்கிறார் என்று தோன்றும். அந்த முரட்டுக் கம்பளிதான் ட்வீட். ஆண்கள் வேட்டைக்கும் சவாரிக்கும் போட்ட துணி. அதையும் பெண்களுக்குக் கொண்டுவந்தார்.

இதுவரை சொன்னதைப் படித்து மகிழ்ந்தவர்களுக்கு இனி வருவது கசக்கும்.

1930-களின் நடுவில் ஏறக்குறைய 4,000 பேர் அவருக்காகத் தைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 1936 ஜூன் மாதம் பிரான்சு முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகளுக்கும் கடைகளுக்கும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். கம்போன் தெருத் தையல் பெண்களும் உட்கார்ந்தார்கள். நல்ல கூலி, வரையறுத்த வேலை நேரம், சம்பளத்தோடு விடுமுறை ஆகியவை அவர்கள் கேட்டவை. ஷனெல் தம் சொந்தக் கடைக்கு வந்தபோது வாசலில் நின்ற பெண்கள் அவரை உள்ளே விடவில்லை. அவர் ஏறக்குறைய 300 பேரை வேலையிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டவர்கள் வெளியேற மறுத்தார்கள். அடுத்த பருவத்துக்கான உடைகளைக் காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடைசியில் அவரே இறங்கி வர வேண்டியதாயிற்று. அந்த வேலைநிறுத்தங்களால்தான் பிரான்சின் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பள விடுமுறையும் சட்டமாயின.

அஞ்சடியில் அம்மா மிஷின் மிதித்ததைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்த இடத்தில் நான் கடைக்காரம்மாவின் பக்கம் நிற்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கூலியும் மரியாதையும் இரண்டு கோரிக்கை அல்ல, ஒரே கோரிக்கை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊசி பிடித்து வளர்ந்த ஷனெலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவர் மறக்க விரும்பினார் என்றே நினைக்கிறேன்.

1939-இல் போர் மூண்டதும் அவர் தையலகத்தை மூடினார். வாசனைத் திரவியக் கடை மட்டும் திறந்திருந்தது. ஆயிரக்கணக்கான தையல் பெண்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். 1936-க்குப் பழி வாங்கினார் என்று அன்றே பேசியவர்கள் உண்டு.

போர்க்காலம் இன்னும் மோசம். ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிசில், அவர்கள் தங்கியிருந்த ரிட்ஸ் ஓட்டலிலேயே அவரும் வாழ்ந்தார். ஜெர்மானிய அதிகாரி ஒருவரோடு உறவு வைத்திருந்தார். அவருடைய வாசனைத் திரவிய நிறுவனத்தின் பெரும் பங்கு வெர்த்தைமர் என்ற யூதக் குடும்பத்திடம் இருந்தது. ஒப்பந்தப்படி தமக்கு 10 விழுக்காடு மட்டுமே வருவதில் அவருக்கு நீண்டகால மனக்குறை. யூதர்களின் சொத்தைப் பறிக்க நாஜிகள் போட்ட சட்டங்களைப் பயன்படுத்தி அந்த நிறுவனத்தைத் தம் கைக்குக் கொண்டுவர 1941-இல் முயன்றார். அந்தக் குடும்பம் முன்கூட்டியே பங்குகளை வேறொருவர் பெயருக்கு மாற்றி வைத்திருந்ததால் முயற்சி பலிக்கவில்லை. 1944-இல் பாரிஸ் விடுதலை பெற்றபோது அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போனவர் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவர் ரிட்ஸ் ஓட்டலில் வாழ்ந்த அதே காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பாத வீடுகள் நெகிரி செம்பிலானிலும் உண்டு. போரில் எல்லாரும் ஒரே விலை கொடுக்கவில்லை.

1954 பிப்ரவரி 5-ஆம் தேதி, 70 வயதில், அவர் மீண்டும் கடை திறந்தார். பாரிஸ் பத்திரிகைகள் பழைய பாணி என்று ஒதுக்கின. அமெரிக்கர்கள் வாங்கினார்கள். இந்த இரண்டாவது சுற்றில்தான் அவருடைய பெயரோடு இன்றும் சொல்லப்படும் அந்தக் கோட்டும் பாவாடையும் முழு வடிவம் பெற்றன. தையல் தெரிந்த சகோதரிகளுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளியே ட்வீட், உள்ளே பட்டு. வெளித்துணியையும் உள்துணியையும் தனித்தனியாகத் தொங்கவிடாமல், இரண்டையும் சேர்த்து நெடுக வரிவரியாகத் தையல் ஓட்டியிருப்பார்கள். அதனால் தளர்ந்த துணியும் உடம்போடு சேர்ந்து நகரும். விறைப்புத் துணி வைக்க வேண்டியதில்லை. உள்ளே போடும் ரவிக்கையும் கோட்டின் உள்துணியும் ஒரே பட்டில் வெட்டப்படும். பைகள் வெறும் ஒப்பனைக்கு அல்ல, கைவிடக்கூடிய உண்மையான பைகள். பொத்தான் இருக்கும் இடத்திலெல்லாம் காஜா இருக்கும். கோட்டின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். சேலை நேராக விழ நாம் கீழே ஃபால்ஸ் அடிக்கிறோமே, அதே தந்திரம். சங்கிலியின் பாரத்தில் கோட்டு எப்போதும் நேராகத் தொங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் அக்குள் வெட்டு. கையின் வளையத்தை மேலே, உடம்போடு ஒட்டி, சிறியதாக வெட்டுவார். அக்குள் தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது முழுக் கோட்டும் கூடவே ஏறும். உயர்ந்திருந்தால் கை மட்டும் தனியாக ஏறும். பெண்ணை நிறுத்திவைத்துக் கையைத் தூக்கச் சொல்லி, திருப்தி இல்லாவிட்டால் தைத்த கையைப் பிய்த்தெடுத்து மறுபடியும் ஊசி குத்துவார். ஒரே கோட்டுக்குப் பலமுறை. கழுத்தில் நாடாவில் கட்டித் தொங்கும் கத்திரிக்கோலோடு அவர் வேலை செய்யும் படங்கள் உண்டு. காகிதத்தில் வரைந்து தைத்தவர் அல்ல. உடம்பின்மேல் வெட்டித் தைத்தவர்.

அவருடைய வெட்டை உலகெங்கும் படியெடுத்தார்கள். அதை அவர் பெரிதாகத் தடுக்கவில்லை. இன்றும் பந்தயத் திடல்களில் பெண்களின் மரியாதை உடை என்றால் கோட்டும் பாவாடையும் அல்லது முழு உடையும் ஒரு தொப்பியும்தான். இங்கிலாந்தின் அஸ்காட் பந்தயத்தில் அரச வளாகத்துக்குள் நுழையும் பெண்கள் தொப்பி அணிய வேண்டும், தோளில் பட்டை இல்லாத உடை கூடாது என்று விதிகள் இன்றுவரை உள்ளன. முழுக் கால்சட்டையும் கோட்டும் அணிந்து வரலாம் என்பதும் அந்த விதிகளில் உண்டு. கேப்ரியல் அந்தக் கிராமத்துத் தையற்காரரைத் திகைக்க வைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பக்கத்தில் பந்தயமே அடங்கிவருகிறது. சிங்கப்பூரில் 1843 முதல் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபரில் முடிவுக்கு வந்தது.

தம் இளமையைப் பற்றி ஷனெல் வாய் திறந்தபோதெல்லாம் வேறு வேறு கதை சொன்னார். தந்தை அமெரிக்காவுக்குப் பணம் சம்பாதிக்கப் போனார் என்றார். அத்தைகள் வளர்த்தார்கள் என்றார். அநாதை இல்லம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரைப் பற்றி எழுத வந்தவர்கள் பலர் அந்தக் கதைகளை நம்பி எழுதி, பிறகு வந்தவர்கள் பதிவேடுகளைத் தேடி எடுத்து உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். ஆகவே அவர் மறைத்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 300 பெண்களை வெளியே அனுப்பியதில்தான் கோபம்.

1971 ஜனவரி 10-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிட்ஸ் ஓட்டல் அறையில் அவர் இறந்தார். வயது 87. அடுத்த பருவத்துக்கான உடைகளை வெட்டி முடிக்கும் வேலையில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து அந்த உடைகள் அவர் இல்லாமலேயே மேடைக்கு வந்தன. உடலைச் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் அடக்கம் செய்தார்கள்.

சோமூர் பதிவேட்டில் அவருடைய பெயர் கடைசிவரை அந்தக் கூடுதல் எழுத்தோடுதான் இருந்தது. திருத்தச் சொல்லி மனுப் போட்டிருந்தால் நீதிமன்றத்தில் பத்திரத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். பிறந்த இடம் ஏழைகள் மருத்துவமனை என்பதை எல்லாரும் படித்திருப்பார்கள். உலகின் பாதிப் பெண்களுக்குத் தெரிந்த அந்தப் பெயரை அவர் சட்டப்படி ஒருநாளும் திருத்திக்கொள்ளவில்லை.